குஞ்சைக் கண்டு இனமறிதல்

சென்ற ஆண்டு தணிக்கையின் பொருட்டுச் சேவூருக்குச் சென்றிருந்தோம். ஆரணியை அடுத்துள்ள இவ்வூரின் பட்டு நெசவைப் பற்றி நம் வாசகர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. சங்கத்து அலுவல் முடிந்து புறப்படும் வேளையில், அங்கத்தினரான அம்மையார் ஒருவர் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். குழித்தறிக்கு அப்பால், கூடத்து மூலையில் வைத்திருந்த அட்டைப் பெட்டியொன்றைத் திறந்து காட்டினார். உமி பரப்பிய அப்பெட்டியினுள், மின்விளக்கின் கதகதப்பில், முப்பது குஞ்சுகள் கரிய பஞ்சுருண்டைகளைப் போல் நெருங்கிக் கிடந்தன.

"ஐயா, இவை கடக்நாத் குஞ்சுகள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் படித்தவர்கள். பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் அம்மையார்.

நாம் பார்த்தோம். குஞ்சுகள் கறுத்திருந்தன. கடக்நாத் என்பது கரிய கோழி என நாம் அறிவோம். "ஆம் அம்மா, கடக்நாத்தான்" என்றோம். அவ்வளவில் நில்லாது, துணைத் தொழிலுக்கென அவர் கேட்டிருந்த சிறு கடன் மனுவில், "கருங்கோழி வளர்ப்பு, நல்ல வருவாய் தரத்தக்கது" என்று குறிப்பும் எழுதிக் கையொப்பமிட்டோம்.

நான்கு திங்கள் கழித்து மீண்டும் சென்றபோது, அக்கோழிகள் கரிய இறகுடன் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. ஆனால் கொண்டையும் தாடியும் செக்கச்செவேல் என்றிருந்தன. விருந்தினர்க்கென அறுத்த சேவலின் தோலும் இறைச்சியும் மற்றெந்தக் கோழியினதையும் போல் வெளிறியே இருந்தன என்று அம்மையார் கூறினார். அவர் ஒவ்வொரு குஞ்சுக்கும் கொடுத்த விலையோ சாதாரண நாட்டுக் குஞ்சின் விலையைப்போல் மும்மடங்கு. இரு சக்கர வண்டியில் வந்து விற்றுச் சென்றவரை எங்கே தேடுவது?

முதல் நாள் நாம் கைப்பேசியில் எடுத்த படத்தை அன்றிரவு பெரிதாக்கிப் பார்த்தோம். பெட்டியின் ஓரத்தில் காலை நீட்டிப் படுத்திருந்த குஞ்சொன்றின் உள்ளங்கால் இளஞ்சிவப்பாய்த் தெளிவாகத் தெரிந்தது. அந்த உள்ளங்கால் ஒன்றே போதும், அது கடக்நாத் அன்று என அறிய. கல்லூரியில் விலங்கியல் பயின்று பட்டம் பெற்றவர் நாம்; குஞ்சைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தோமில்லை. ஆதலால் அங்கத்தினர்க்கென எழுதப்படும் இப்பாடத்திற்கு முதல் மாணாக்கர் நாமே ஆவோம்.

இனம் எதுவாயின் என்ன, முட்டையிட்டால் போதாதா என்று கேட்பாரும் உளர். கூண்டில் அடைத்துத் தீவனமிட்டு வளர்ப்போர்க்கு அது வேறு கணக்கு. நெசவாளர் இல்லத்தில் கணவர் தறியிலும் மனைவியார் தார் சுற்றுவதிலும் இருப்ப, கோழிக்கென ஆள் ஒதுக்குதல் இயலாது. கோழி தானே மேய்ந்து, தானே தன்னைக் காத்துக்கொண்டு, தானே அடைகாத்தல் வேண்டும். சிறுவிடை என நாம் வழங்கும் நாட்டுக் கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டையே இடும்; ஆயினும் அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பொரிக்கும்; பருந்தின் நிழலைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகினுள் அணைத்துக்கொள்ளும். வெள்ளை லெகார்ன் வழிவந்த பண்ணைக் கோழி 300 முட்டைக்கு மேலும் இடும். ஆனால் அடைக்கு உட்காராது, அளந்த தீவனமின்றி அம்முட்டையும் வாராது. கடக்நாத் பெட்டையும் நல்ல அடைக்கோழி அன்று. அசீல் வகைக் குஞ்சுகளோ சில வாரங்களிலேயே ஒன்றையொன்று கொத்திக் குருதி காணும். எனவே குஞ்சின் இனத்தைத் தவறாகக் கொண்டால், அடுத்த தலைமுறைக் குஞ்சுக்கு மீண்டும் பணம் கொடுக்க நேரும். அல்லது எதிர்பாராத தீவனச் செலவு வந்து சேரும். கடன் பெற்று வாங்கியவர்க்கு அது தவணை தவறுவதில் முடியும்.

நிறமும் இனமும்

நம் ஊர்களில் செவலை, கீரி, காகம், மயில் என்றெல்லாம் கோழிக்குப் பெயரிட்டு வழங்குகிறோம். இவை யாவும் நிறப் பெயர்களேயன்றி இனப் பெயர்கள் அல்ல. ஒரே பெட்டை ஒரே அடையில் பொரித்த பத்துக் குஞ்சுகளில் நான்கு நிறங்களைக் காண்பது நம் வீடுகளில் அன்றாட நிகழ்ச்சி. மறுபுறம், அசீல் என்னும் ஒரே இனத்திற்குள்ளேயே பொன்சிவப்பான பீலா, கருமையும் செம்மையும் கலந்த யாகூப், வெண்மையான நூரி, கறுப்பான காகர் எனப் பல நிறங்கள் உண்டு. ஆக, நிறம் ஒன்றாயிருந்தும் இனம் வேறாகலாம். நிறம் வேறாயிருந்தும் இனம் ஒன்றாகலாம்.

இனம் என்பது ஒரு மந்தையின் பரம்பரை. தாயும் தந்தையும், அவற்றின் முன்னோரும் ஒரே தன்மையினவாய் இருந்து, பிறக்கும் குஞ்சுகளும் தலைமுறைதோறும் அத்தன்மை மாறாது வருமாயின் அதனை இனம் என்கிறோம். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் காளாஸ்தி, தலச்சேரி, அசீல், கடக்நாத் முதலிய கோழியினங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. அப்பதிவும் ஒரு வட்டாரத்து மந்தையை ஆராய்ந்து செய்யப்படுவதேயன்றித் தனிக் கோழியொன்றைப் பார்த்துச் செய்யப்படுவதன்று. நம் புழக்கடைக் கோழிகளிற் பெரும்பாலன எந்தப் பதிவிலும் அடங்காத கலப்பினங்கள். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர் நாட்டுப்புறங்களில் வெள்ளை லெகார்ன், ரோடு ஐலண்டு ரெட் ஆகிய அயல்நாட்டுச் சேவல்கள் பரப்பப்பட்டமையின், அவற்றின் இரத்தமும் பல ஊர்க் கோழிகளில் கலந்துள்ளது.

அப்படியாயின் குஞ்சைக் கண்டு இனமறிதல் இயலாததா? பாதி இயலும். குஞ்சின் உறுப்புக்கள், "இது இன்ன இனம் அன்று" என்பதைப் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடும். "இது இன்ன இனமே" என்பதை ஒருபோதும் உறுதியாகச் சொல்லா. வாங்குவோர்க்கு வேண்டுவது பெரும்பாலும் முன்னதே. சரிகையைச் சுரண்டிப் பார்க்கிறோம். உள்ளே சிவந்த பட்டிழை காணாவிட்டால், மேலே எவ்வளவு மின்னினும் அது உயர்ந்த சரிகை அன்று எனத் தள்ளிவிடுகிறோம் அன்றோ? குஞ்சையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும்.

காலிலிருந்து தொடங்குக

குஞ்சை உள்ளங்கையில் வைத்து மல்லாத்திப் பிடியுங்கள். தூவியின் நிறத்தை இப்பொழுது பாராதீர்கள். அது கண்ணை மயக்கும். முதலில் கால் விரல்களை எண்ணுங்கள். கோழிக்குப் பொதுவாக விரல் நான்கு. டார்க்கிங், ஹூடான், சில்கி போன்ற சில அயல் இனங்களுக்கு மட்டும் ஐந்து விரல் உண்டு; அது பிறந்த நாளிலேயே தெரியும். காலின் வெளிப்புறத்தில் தூவி படர்ந்திருந்தால் பிரம்மா, கொச்சின் முதலிய இரத்தம் கலந்திருக்கலாம். இவ்வினங்கள் அழகுக்காக வளர்க்கப்படுவன. "அசல் நாட்டுக் குஞ்சு" என்று விற்கப்படும் ஒன்றிற்கு ஐந்து விரலோ காலில் தூவியோ இருப்பின், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்துக் காலின் நிறம். பொரித்த அன்று இது மங்கலாகத் தோன்றும். ஓரிரு வாரத்தில் தெளிவுறும். மஞ்சட் காலைக் கண்டவுடன் அயல் இனம் என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. கோழியின் தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் நிறம் தரும் மரபுக்கூறு, நம் தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். வீட்டுக் கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே என டார்வின் காலத்திலிருந்து கருதப்பட்டு வந்தது. அமெரிக்காவின் ரோடு ஐலண்டுக் கோழியும் இத்தாலிய வழியினதான லெகார்னும் கொண்டுள்ள மஞ்சட் கால் நம் காட்டுப் பறவை அளித்த சீதனம் என்றால் வியப்பாக இல்லையா? மஞ்சட் கால் தோன்றத் தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அக்கூறு வந்திருத்தல் வேண்டும். எனினும் மஞ்சட் கால் பல இனங்களுக்கு உரியதாதலின், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யலாகாது.

கொண்டை

கொண்டையைச் சற்று நிதானமாகப் பார்த்தல் வேண்டும். ஒருநாட் குஞ்சிலேயே, அலகுக்கு மேல் நெற்றியில் அதன் அடையாளம் காணலாம். வெளிச்சத்தில் பிடித்து விரல் நுனியால் தூவியை விலக்குங்கள். மெல்லிய ஒற்றைக் கோடுபோல் ஒரு விளிம்பு எழுந்திருந்தால் அது ஒற்றைக் கொண்டை. தாழ்ந்து அகன்று, மூன்று வரிசைச் சிறு புள்ளிகள் போல் தோன்றினால் அது பட்டாணிக் கொண்டை. ஐயமாயிருப்பின் மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள், பிழைக்க வழியில்லை.

அசீலுக்கு உரியது பட்டாணிக் கொண்டை. லெகார்னுக்கும் கடக்நாத்துக்கும் ஒற்றைக் கொண்டை. இங்கேதான் மரபியல் நமக்குக் கை கொடுக்கிறது. மெண்டல் பட்டாணிச் செடியிற் கண்ட விதி விலங்குகட்கும் பொருந்தும் என்பதை இங்கிலாந்தின் பேட்சன் என்பார் 1902-இல் கோழிக் கொண்டையைக் கொண்டே நிறுவினார். பட்டாணிக் கொண்டைக்கு உரிய கூறு, ஒற்றைக் கொண்டைக்கு உரியதை அடக்கிவிடும். ஆகவே அசீல் சேவலுக்கும் ஒற்றைக் கொண்டையுடைய ஊர்ப் பெட்டைக்கும் பிறக்கும் குஞ்சு, தந்தையைப்போல் பட்டாணிக் கொண்டையுடனேயே காணப்படும்.

இதிலிருந்து வாங்குவோர் கொள்ள வேண்டியது யாது? பட்டாணிக் கொண்டை, "இக்குஞ்சில் அசீல் இரத்தம் இருக்கலாம்" என்று மட்டுமே கூறும். ஒற்றைக் கொண்டையோ, "இது தூய அசீல் அன்று" என்று திட்டமாகக் கூறிவிடும். பெருவிடை, சண்டைக் கோழி என்று பெருவிலை சொல்லப்படும் பெட்டியில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு ஒன்று கண்டாலும், அம்மந்தையின் தாய் தந்தையரில் கலப்பு உண்டு என்பது வெளிப்படை. ஒரு குஞ்சை மட்டும் பாராது பெட்டி முழுவதையும் பார்க்க வேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனால்தான். கொண்டையோடு, தடித்த கால், அகன்ற தலை, நிமிர்ந்த நிலை ஆகியவற்றையும் அசீல் குஞ்சில் நோக்கலாம். இவை வளர வளரவே புலப்படும்.

கழுத்தில் தூவியின்றிப் பிறக்கும் மொட்டைக் கழுத்துக் குஞ்சைப் பற்றியும் இவ்விடத்தே ஒரு சொல். இதுவும் அடக்கும் கூறே. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அக்கூறு வந்திருந்தால் கழுத்தின் முன்புறம் சிறு குஞ்சம் ஒன்று நிற்கும். இருவரிடமிருந்தும் வந்திருந்தால் கழுத்து முற்றும் வெறுமையாயிருக்கும். நோய் என அஞ்சி இக்குஞ்சை ஒதுக்குவோரைப் பார்த்திருக்கிறோம். நம் கோடையில் உடற்சூடு தணிய அது நல்லதே.

கரிய குஞ்சு

இனி, நாம் இடறிய இடத்திற்கு வருவோம்.

கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாப் பகுதிக்கு உரியது. பழங்குடி மக்கள் பேணி வந்த இக்கோழியின் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதன் கருமை இறகோடு நிற்பதன்று; தோல், நாக்கு, இறைச்சி, எலும்பின் மேலுறை வரை ஊடுருவியது. குருதி கறுப்பு என்று சிலர் சொல்வது கதை, குருதி சிவப்பே. ஒருநாட் குஞ்சு நீலங்கலந்த கருமையாய், முதுகில் ஒழுங்கற்ற கரிய வரிகளுடன் இருக்கும்.

பிறந்தபோது கறுத்திருக்கும் குஞ்சுகள் வேறு பலவும் உள. ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஆஸ்திரலார்ப் அவற்றுள் முதன்மையானது. 1922-23-இல் அவ்வினப் பெட்டைகள் ஆறு சேர்ந்து 365 நாளில் 1,857 முட்டையிட்டுப் பெரும்புகழ் பெற்றன. இதன் குஞ்சு கரிய முதுகும் வெளிறிய அடிவயிறும் உடையது. பிளிமத் ராக் என்னும் வரிக்கோழியின் குஞ்சும் கறுப்பே. தலையுச்சியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். நம் ஊர்க் கோழிகளிலும் காக நிறத்துக் குஞ்சுகள் பிறக்கின்றன. ஆகவே கரிய தூவி ஒன்றையுமே நிறுவாது.

அடிவயிற்றின் வெண்மையைக் கொண்டும் தீர்ப்புச் சொல்லலாகாது. கரிய தூவியுடைய குஞ்சு எவ்வினத்ததாயினும் அடிவயிறு வெளிறியிருக்கக் கூடும். உள்ளங்காலைப் பாருங்கள். ஆஸ்திரலார்ப்புக் குஞ்சின் கால் மேற்புறம் கறுத்திருப்பினும் உள்ளங்கால் வெளிறியோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். பின்னர் அலகை மெதுவாகத் திறந்து நாக்கையும் மேல்வாயையும் பாருங்கள். இறுதியாக, சிறகின் கீழ் தூவியை ஊதி விலக்கித் தோலைப் பாருங்கள். கடக்நாத் குஞ்சின் தோல் பிறப்பிலேயே கறுத்திருக்கும். உள்ளங்கால், வாய், தோல் ஆகிய மூன்றில் ஒன்று வெளிறியிருந்தாலும் கடக்நாத் விலை கொடுக்க வேண்டுவதில்லை. இம்மூன்றையும் பார்க்கக் குஞ்சொன்றுக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் நாம் சேவூரில் செலவிடவில்லை.

மூன்றும் கறுத்திருந்தால்? அப்பொழுதும் தூய கடக்நாத் என்று துணியலாகாது. கருந்தோல் தரும் கூறும் அடக்கும் தன்மையதே. கருந்தோற் சேவலொன்றை வெண்தோல் உடைய பெட்டையுடன் சேர்த்தால், பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் நன்கு கறுத்தும் சேவற் குஞ்சுகள் வெளிறியும் இருக்கக் காணலாம். சீன வழியினதான சில்கிக் கோழியைக் கொண்டு பேட்சனும் பன்னெட்டும் இதனை ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். எனவே பெட்டியில் பாதிக் குஞ்சுகள் கருந்தோலும் மீதி வெண்தோலுமாய் இருப்பின் அது கலப்பின் அறிகுறி. இங்கும் ஒரு குஞ்சைப் பார்த்தால் ஏமாறுவோம். முப்பதையும் பார்த்தால் தப்புவோம்.

மஞ்சட் குஞ்சும் சாயக் குஞ்சும்

நாட்டுக் கோழிக் குஞ்சுகளிற் பெரும்பகுதி, முதுகில் அணிலைப்போல் பழுப்பு வரி ஓடப் பிறக்கும். செந்நிறக் காட்டுக்கோழியின் குஞ்சும் இவ்வாறே இருக்கும்; புல்லிடையே மறைந்து நிற்க இயற்கை அளித்த போர்வை அது. வரியின்றிச் செம்பழுப்பாய் இருப்பது ரோடு ஐலண்டு ரெட் இனத்திற்கு இயல்பு. முழு மஞ்சளாய் இருப்பன வெள்ளை இறகு முளைக்கப் போகும் குஞ்சுகள்: லெகார்னாகலாம், இறைச்சிக்கென வளர்க்கும் பிராய்லராகலாம்.

திருவிழாக்களிலும் சந்தைகளிலும் பச்சை, சிவப்பு, ஊதாச் சாயமிட்ட குஞ்சுகளைக் குழந்தைகட்கு விற்கிறார்கள். அவை பெரும்பாலும் முட்டைக் கோழிப் பண்ணைகள் வேண்டாவெனக் கழித்த சேவற் குஞ்சுகள். பச்சைக் கோழி உலகில் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியுமாதலால் இதில் மோசடி குறைவு. பழுப்புச் சாயமிட்டு நாட்டுக் குஞ்சு என்று விற்பதே கொடுமை. பட்டுக்குச் சாயம் தோய்ப்போர் நிறைந்த நம் பகுதியில் இதைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தர வேண்டுமா! தூவியை ஊதி விலக்கினால் அடி மஞ்சளாயிருக்கும். சிறகின் அடியிலும் கழுத்து மடிப்பிலும் சாயம் திட்டுத் திட்டாய் நிற்கும். ஒரு வாரக் குஞ்சாயின், சிறகில் புதிதாய் முளைத்த இறகு வெள்ளையாயிருந்து உண்மையைச் சொல்லிவிடும்.

சாயமின்றியே நாட்டுக் கோழி போல் தோன்றுவனவும் உள. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரிராஜா. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ஆகியவை புழக்கடைக்கென்றே ஆய்ந்து உருவாக்கப்பட்டவை. இவை நல்ல கோழிகள். நாட்டுக் கோழியினும் மிகுதியாக முட்டையிடும், விரைவாக எடை கூடும். இவற்றின் பெயராலேயே வாங்கி வளர்ப்பதில் ஒரு குறையுமில்லை. ஆனால் அடைகாக்கும் குணம் இவற்றில் பெரிதும் குறைந்துவிட்டது. இவற்றின் முட்டையை அடைவைத்துப் பெறும் குஞ்சுகளும் தாயைப்போல் ஒரு சீராக அமையா. சிறுவிடை என நம்பி இவற்றை வாங்கியவர், "ஏன் இன்னும் அடைக்கு உட்காரவில்லை?" என்று ஓராண்டு காத்திருப்பார்.

ஒருநாட் குஞ்சில் இவற்றைச் சிறுவிடையிலிருந்து பிரித்தறிதல் கண்ணால் ஆகாது, தராசால் ஆகும். வாரந்தோறும் நான்கைந்து குஞ்சுகளை நிறுத்து எழுதி வாருங்கள். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைக் கடந்துவிடும். அதே ஆறு வாரத்தில் சிறுவிடை அரைக் கிலோவையும் எட்டாது. இடைப்பட்ட எடையில் நிற்பன ஏதேனுமொரு முன்னேற்றக் கலப்பாகவே இருக்கும். சங்கத்தில் பட்டு நிறுக்கும் தராசு இருக்கிறது. அதில் கோழியை ஏற்றக் காரியதரிசி இசையமாட்டார், நாமும் கேட்கத் துணியோம். மளிகைக் கடைத் தராசு போதும்.

விலை கொடுக்குமுன்

பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியம் 2004 முதல் பட்டு முத்திரை வழங்கி வருகிறது. குஞ்சுக்கு அத்தகைய முத்திரை யாதுமில்லை. ஆதலின் முத்திரையின் இடத்தில் விற்பவரின் சீட்டு நிற்றல் வேண்டும். சீட்டில் இனத்தின் பெயர், பொரித்த நாள், பொரிப்பகத்தின் பெயர், முதல் நாள் மாரெக்ஸ் தடுப்பூசி இடப்பட்டதா என்பன எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவர் வாயால் சொல்லும் இனப்பெயருக்கு விலை இல்லை. கூடுமாயின் தாய்க் கோழிகளை நேரிற் சென்று காணுங்கள்; பத்துத் தாய்க் கோழிகள் சொல்லும் உண்மையை நூறு குஞ்சுகள் சொல்லா. அரசுப் பண்ணைகளிலும் பல்கலைக்கழக நிலையங்களிலும் முன்பதிவு செய்து காத்திருக்க நேரலாம். காத்திருப்பதே நன்று. எவ்வினமாயினும் ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தை மறத்தலாகாது; இனமறிந்து வாங்கிய குஞ்சும் அந்நோய்க்குத் தப்பாது.

"குஞ்சை எம்மிடம் வாங்குங்கள், முட்டையையும் கோழியையும் நாமே பெருவிலைக்கு எடுத்துக்கொள்வோம்" என்று எவரேனும் வந்தால், அங்கத்தினர் இருமுறை சிந்திப்பாராக. 2012-இல் கொங்கு நாட்டில் ஈமுப் பறவை வளர்ப்பில் பணம் போட்டோர் பட்ட பாட்டை நாடறியும். 2019-இல் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் கடக்நாத் வளர்ப்புத் திட்டத்தின் பெயராலும் உழவர் பலர் கைப்பொருள் இழந்தனர். இரண்டிடத்தும் பறவைகள் மெய்யாகவே இருந்தன. திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன வாக்கே பொய்த்தது.

இனத்தைக் கேட்டவர் அடுத்து, "பெட்டை எது, சேவல் எது?" என்று கேட்பது வழக்கம். நாட்டுக் குஞ்சில் முதல் நாள் அதைச் சொல்லுதல் அரிது. பிளிமத் ராக் குஞ்சில் தலைப்பொட்டு பெரிதாயும் ஒழுங்கின்றியும் இருந்தால் சேவல் என ஒருவாறு கொள்ளலாம். பிறப்பிலேயே நிறத்தால் பால் தெரியும்படி ஓர் இனத்தைக் கேம்பிரிட்ஜில் பன்னெட்டும் பீசும் 1929-இல் உருவாக்கினர். கலப்புக் கோழியில் அது செல்லாது. ஆறேழு வாரம் பொறுத்துக் கொண்டை சிவப்பதைக் கண்டு அறிந்துகொள்வதே நமக்கு உள்ள வழி.

சேவூர் அம்மையாரின் முப்பதில் இப்பொழுது பதினொரு பெட்டைகள் உள்ளன. பழுப்பு நிற முட்டைகள் தவறாது இடுகின்றன; ஆஸ்திரலார்ப்புக் கலப்பென்று கொள்ளத் தகும். ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. அடுத்த வீட்டுச் சிறுவிடைப் பெட்டையொன்றைக் கேட்டு வாங்கி அதன்கீழ் பன்னிரண்டு முட்டைகளை வைத்திருக்கிறார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் நாட்களில் எல்லாவற்றையும் கூடையின்கீழ் கவிழ்த்து வைக்கிறார். முட்டைகளுக்கு ஊர் விலையே கிடைக்கிறது. கடனில் ஐந்து தவணைகள் வந்துள்ளன. மூன்று நிலுவையில் உள்ளன. சென்ற வாரம் சங்கத்தின் கோப்பை வரவழைத்து, நாம் எழுதிய "கருங்கோழி" என்னும் சொல்லை அடித்துவிட்டு, "கறுப்பு நிறக் கோழி; இனம் அறியப்படவில்லை" எனத் திருத்தி, தேதியிட்டுக் கையொப்பமிட்டோம்.